பாடாத மரம்

மரத்தால் ஆன பொருளுக்கு நம்மிடையே என்றுமே ஒரு கூடுதல் மரியாதை உண்டு. ஞெகிழி நாற்காலியில் அமர்ந்தபடி பாட்டன் காலத்துத் தேக்குக் கட்டிலைப் பற்றிப் பேசிப் பெருமூச்செறியும் தலைமுறை நம்முடையது. அந்த மரியாதை இப்போது செவிக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. வால்நட், மகோகனி, கருங்காலி, தேக்கு என்று மரத்தின் பெயரையே பட்டமாகச் சூடிக்கொண்டு வரும் ஹெட்ஃபோன்கள் ஒரு காலத்தில் செல்வந்தரின் விளையாட்டுப் பொருள்கள். இன்று 5,000 ரூபாய்க்கும் 15,000 ரூபாய்க்கும் இடையே, மாதச் சம்பளக்காரரும் ஓராண்டு காசு சேர்த்த மாணவரும் எட்டிப் பிடிக்கக்கூடிய உயரத்தில் அவை தொங்குகின்றன. (காதொலிப்பான், தலையணி ஒலிப்பான் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தோம், கடையில் எவருக்கும் விளங்கவில்லை. ஹெட்ஃபோன் என்றே எழுதுவோம். தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்தருள்க.)

நம் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்த எளிய விலை மர ஹெட்ஃபோன்களுள் நல்லவை சில உண்டு. சிறிது கைவேலை செய்து அவற்றை மேலும் நல்லவையாக்கவும் முடியும். ஆனால் அந்த நன்மைக்கு மரமே காரணம் என்பது பெரும்பாலும் கண் சொல்லும் கதை, காது சொல்வதன்று.

விமரிசனங்களைப் படிப்பவர்கள் இந்தக் கதையை நன்கு அறிவார்கள். மரக்கிண்ணம் என்றால் ஒலி ‘வெதுவெதுப்பாக’ இருக்கும், ‘இயற்கையாக’ இருக்கும், கருங்காலி என்றால் ‘அடர்த்தி’, மகோகனி என்றால் ‘கனிவு’. இலக்கிய விமரிசனத்தில் ‘மண்வாசனை’ என்ற சொல் என்ன பாடு பட்டது என்பதை அறிந்த நமக்கு இந்தச் சொற்களைக் கண்டதும் சற்றே எச்சரிக்கை பிறக்க வேண்டும். கரிசல் என்ற சொல்லை அட்டையில் கண்டதுமே மண்வாசனை வீசியதாக எழுதிய மதிப்புரைகள் எத்தனை! பெட்டியின் மேல் வால்நட் என்று அச்சிட்டிருப்பதைப் படித்த பின்பு காதில் வெதுவெதுப்பை உணர்வதும் அதே நோய்தான். சொல் முன்னே சென்று இடம் பிடித்துவிடுகிறது. அனுபவம் பின்னால் வந்து அந்த இடத்தில் அமர்ந்துகொள்கிறது.

மரத்துக்கும் ஒலிக்கும் உறவே இல்லை என்று சொல்ல வரவில்லை. தமிழ் படித்தவர் அப்படிச் சொல்லத் துணியவும் மாட்டார். சீவக சிந்தாமணியின் காந்தருவதத்தையார் இலம்பகத்தில், தன் முன் வைக்கப்பட்ட யாழ்களை ஒவ்வொன்றாகச் சீவகன் ஒதுக்குகிறான். ஒன்று நீரில் நின்று இளகிய மரம்; ஒன்று வாள் பட்டுப் புண்ணுற்றது; மற்றொன்று இடி தாக்கியது. மரத்தின் வரலாறே நாதத்தில் கேட்கும் என்ற நுட்பமான எண்ணம் அதில் இருக்கிறது. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பலாமரம் தேடி அலைகிற கைவினைஞர்களின் அறிவும் அதன் தொடர்ச்சியே. ஆயினும் யாழின் பத்தரும் வீணையின் குடமும் செய்கிற வேலை வேறு. மெல்லிய நரம்பின் அதிர்வைத் தான் வாங்கிக்கொண்டு, தானும் அதிர்ந்து, அதைப் பேரொலியாக்கித் தருவது அவற்றின் தொழில். அங்கே மரம் பாட வேண்டும். ஹெட்ஃபோனில் பாட்டு முன்னரே பாடி முடிந்துவிட்டது. வீணையின் மரம் ஒலிப்பதிவுக்குள்ளேயே இருக்கிறது. அதன் மேல் வால்நட் கிண்ணமும் தன் பங்குக்குப் பாடத் தொடங்கினால் நமக்குக் கேட்பது இரண்டு மரங்கள். ஒன்று கலைஞருடையது, மற்றொன்று தொழிற்சாலையுடையது. ஹெட்ஃபோன் மரத்தின் முதற்கடமை வாய் மூடி இருப்பதே.

இந்த இடத்தில் கொஞ்சம் இயற்பியல் பேசாமல் தீராது. ஹெட்ஃபோனுக்குள் ஒலியை உண்டாக்குவது டிரைவர் எனப்படும் சிறு கருவி. காந்தத்தின் இடைவெளியில் ஒரு கம்பிச்சுருள், அதனோடு ஒட்டிய மெல்லிய சவ்வு; அவ்வளவே. சவ்வு முன்னே தள்ளும்போது காதுப்பக்கம் ஓர் அலை எழுகிறது; அதே அளவு அலை, எதிர்த்திசையில், பின்பக்கமும் எழுகிறது. அந்தப் பின்னலையை என்ன செய்வது என்பதே கிண்ணத்தின் முழுப் பிரச்சினை. கிண்ணத்தைத் திறந்து வைத்தால் அது வெளியேறிவிடும். அண்டை அறையில் இருப்பவரும் நம் பாட்டைக் கேட்பார். மூடி வைத்தால் பின்சுவரில் மோதித் திரும்பி வந்து, மெல்லிய சவ்வை ஊடுருவிக் கொஞ்சம் தாமதமாகக் காதுக்கும் வந்து சேரும்.

3 சென்டிமீட்டர் ஆழமுள்ள கிண்ணம் என்று வைத்துக்கொள்வோம். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. இரு சுவர்களுக்கு இடையே அரை அலைநீளம் சரியாகப் பொருந்துகிற அதிர்வெண், கணக்கிட்டால் ஏறத்தாழ 5,700 ஹெர்ட்ஸ். பக்கவாட்டில் 6 சென்டிமீட்டர் அகலமென்றால் 2,900 ஹெர்ட்ஸ் அளவில் இன்னொன்று. மனிதச் செவி மிகக் கூர்மையாக இருக்கும் பகுதியும் ஏறக்குறைய இதுவே. ‘குடத்துக்குள்ளிருந்து பேசுவது போல’ என்று நம் வீடுகளில் சொல்வார்களே, மூடிய ஹெட்ஃபோன்களின் அந்தக் குறைக்கு இத்தகைய எதிரொலிகள் பெரிய காரணம். குடம் மண்ணா, மரமா, ஞெகிழியா என்பதைவிடக் குடத்தின் வடிவமும் அளவும் உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்பதுமே இதில் முதன்மையானவை.

அப்படியானால் பொருளுக்குப் பங்கே கிடையாதா? உண்டு, சிறிய பங்கு. கிண்ணத்தின் சுவரே அதிராமல் இருக்க அது விறைப்பாக இருக்க வேண்டும். மரம் இழை ஓடும் திசையில் ஞெகிழியைவிடப் பல மடங்கு விறைப்பானது. தன்னுள் எழும் அதிர்வை விரைவில் அடக்கிக்கொள்ளும் குணமும் உடையது. இதைவிடப் பெரிய உண்மை ஒன்று இருக்கிறது. விளம்பரங்கள் அதைச் சொல்வதில்லை. ஒரு தகட்டின் தடிமனை இரட்டித்தால் அதன் விறைப்பு எட்டு மடங்காகிறது. கடைசல் எந்திரத்தில் கடையும் மரக்கிண்ணம் உடையாமல் நிற்க வேண்டுமானால் தடித்தே இருந்தாக வேண்டும். அச்சில் வார்க்கும் ஞெகிழிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மரத்தின் பெருமையில் பாதிக்கு மேல் இந்தத் தடிமனின் பெருமை என்பது நம் துணிபு. எடையைப் பற்றிய நம்பிக்கையும் இப்படித்தான். ஏபிஎஸ் என்னும் ஞெகிழி தண்ணீரைவிடச் சற்றே அடர்த்தியானது. மகோகனியோ தண்ணீரில் மிதக்கும். கையில் கனமாக இருக்கும் மரக்கிண்ணம் அடர்த்தியால் கனக்கவில்லை, தடிப்பால் கனக்கிறது.

இதைச் சோதிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை; சந்தையே சில சோதனைகளைச் செய்து வைத்திருக்கிறது. ருமேனியாவின் பையா மாரே நகரத்து மெஸே நிறுவனம் 2015இல் 99 கிளாசிக்ஸ் என்ற ஹெட்ஃபோனை வால்நட் கிண்ணத்துடன் 309 டாலருக்கு விற்றது. பின்னர் அதே டிரைவரை ஏபிஎஸ் கிண்ணத்தில் வைத்து 99 நியோ என்ற பெயரில் குறைந்த விலைக்குத் தந்தது. இரண்டையும் கேட்டவர்கள் சொல்கிற வேறுபாடு சிறியது. அந்தச் சிறிய வேறுபாட்டையும் முழுக்க மரத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. காதுமெத்தை பழசா புதிதா என்பதே அதே அளவு வேறுபாட்டை உண்டாக்கிவிடும். இதே விலையில் மரமும் ஞெகிழியும் கிடைத்தால் நாமும் மரத்தையே எடுப்போம். அது அழகு, அழகுக்குக் காசு கொடுப்பதில் தவறென்ன? அழகுக்குக் கொடுத்த காசை ஒலியின் கணக்கில் எழுதுவதுதான் வேண்டாம்.

ஆர்வலர்களின் கைவேலைக்கும் நீண்ட வரலாறு உண்டு. ஜோசப் கிராடோ 1953இல் தொடங்கிய புரூக்ளின் நிறுவனத்தின் மலிவான ஞெகிழி ஹெட்ஃபோன்களைப் பிரித்து, கடைந்த மரக்கிண்ணங்களில் பொருத்துவது பலருக்குத் தவமாகவே இருந்தது. அந்நிறுவனத்தின் விலையுயர்ந்த ஆர்எஸ் வரிசையின் மகோகனி தந்த ஆசை அது. டெனான் நிறுவனத்துக்காக ஃபாஸ்டர் செய்து கொடுத்த ஏஎச்-டி5000 மகோகனியுடன் வந்தது; மரமில்லாத தம்பியான டி2000ஐ வாங்கி அதற்கு மரம் மாட்டுவதே ஒரு சிறுதொழிலாக வளர்ந்தது. 2015இல் ஃபாஸ்டெக்ஸின் டிஎச்-எக்ஸ்00 மகோகனியுடன் 399 டாலருக்கு வந்தபோது அந்த ஆசை ஓரளவு மலிவாகவே நிறைவேறியது. நம் போன்றோர் கைக்கு எட்டியது இவற்றைவிட எளியதான கிரியேட்டிவ் ஆர்வானா லைவ். சிங்கப்பூர் நிறுவனத்தின் பெயரில் வந்தாலும் உள்ளே இருந்தது 40 மில்லிமீட்டர் ஃபாஸ்டர் டிரைவர். அதற்கும் மரக்கிண்ணம் கடைந்து மாட்டியவர்கள் பலர். அவர்கள் எல்லோரும் ஒலி மேம்பட்டதாகவே எழுதினார்கள். பொய் சொன்னார்கள் என்று நாம் கருதவில்லை. கிண்ணம் மாற்றும்போது உள்ளளவு மாறியிருக்கும், உள்ளே புதிதாகப் பஞ்சு வைத்திருப்பார்கள், மெத்தையையும் மாற்றியிருப்பார்கள். நான்கு பேர் சேர்ந்து தேரை இழுத்துவிட்டு, பட்டு வேட்டி கட்டியவரே இழுத்தார் என்று சொல்வது போன்றது அது.

கண்ணின் செல்வாக்கு எவ்வளவு பெரிது என்பதற்குச் சான்று உண்டு. ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் 40 பேர் ஒலிபெருக்கிகளைத் திரைக்குப் பின்னே வைத்தும் கண்ணெதிரே வைத்தும் கேட்டு மதிப்பெண் இட்டார்கள். கண்ணெதிரே இருந்தபோது பெயரும் உருவமும் விலையும் மதிப்பெண்ணை இழுத்துச் சென்றன; பயிற்சி பெற்ற செவிகளும் இதற்கு விலக்கல்ல. 2017இல் ஜெரோன் பிரீபார்ட் 283 ஹெட்ஃபோன்களின் அலைவெண் இயல்பை அளந்து விலையோடு ஒப்பிட்டார். இரண்டுக்கும் தொடர்பு இல்லை என்பதே அவர் கண்ட முடிவு. விலை இரட்டித்தால் ஒலி இரட்டிக்கும் என்று நம்புகிற நம் மனத்துக்கு இது கசப்பான மருந்து. பணம் குறைவாக உள்ளவருக்கோ இனிப்பான மருந்து.

மாணவர்கள் நம்மிடம் வந்து கேட்கிறார்கள் என்பதாலேயே இத்தனை நீட்டி எழுத நேர்கிறது. மாலையில் கடையொன்றில் வேலை பார்த்து, 9,000 ரூபாய் சேர்த்து வைத்துக்கொண்டு, ‘ஐயா, மரத்துல ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன், வாங்கலாமா?’ என்று கேட்கிற பிள்ளைக்கு ‘வெதுவெதுப்பு’ என்று பதில் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அந்தப் பணம் அவருக்கு மூன்று மாத உழைப்பு.

இத்தகைய ஒன்றை நாமும் நண்பர் இருவரும் சேர்ந்து வாங்கினோம்; அதுவும் ஒரே வகையில் இரண்டு. ஏன் இரண்டு என்பதைப் பின்னர் சொல்வோம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பெட்டியில் ‘இயற்கை மரம்’ என்றிருந்தது. மெத்தையைச் சுழற்றி எடுத்து, நான்கு திருகாணிகளைக் கழற்றித் திறந்தபோது உள்ளே கறுத்த ஞெகிழிக் கிண்ணம். அதன் மேல் தொப்பி போல ஒட்டிய மெல்லிய மரம். மரம் உண்மையான மரம்தான். ஆனால் பின்னலை அதைத் தொடவே இல்லை. உள்ளே ஒரு நூலிழைப் பஞ்சும் கிடையாது. இந்த நிலையில் அது எப்படி ஒலித்தது? பெண்குரல்கள் நன்றாகவே இருந்தன. கடம் வந்தால் மட்டும் இரண்டு கடங்கள் கேட்டன.

மதிப்பிட எதைக் கேட்பது என்பதில் நமக்கு உறுதியான கருத்துண்டு. மேலை நாட்டார் தம் ராக் இசையையும் ஜாஸையும் வைத்துத் தேர்ந்த பட்டியல்கள் நமக்கு உதவுவதில்லை. பழகிய ஒலியில்தான் பிழை தெரியும். மிருதங்கத்தின் தொப்பியில் எழும் கும்கி, கீழ்ஒலி வீங்கியிருக்கிறதா என்று உடனே சொல்லிவிடும்: வளைந்து ஏற வேண்டிய ஒலி வீங்கிய ஹெட்ஃபோனில் ஒரே ‘தொம்’ ஆகிவிடுகிறது. நாகசுரம் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் கூர்முள் இருந்தால் காதைக் குத்தும். தம்புரா தொடர்ந்து ஒலிப்பதால், ஒரு குறிப்பிட்ட சுருதி மட்டும் துருத்திக்கொண்டு நிற்பதைக் காட்டிக்கொடுக்கும். பழைய 78 சுழற்சி இசைத்தட்டுகளிலிருந்து எடுத்தவற்றை எவ்வளவு நேசித்தாலும் நீதிபதியாக வைக்கலாகாது. அவற்றின் மேல்பகுதியில் இசையைவிட இரைச்சலே மிகுதி. மந்தமான ஹெட்ஃபோன் அந்த இரைச்சலை விழுங்கிவிட்டு நல்ல பெயர் வாங்கிக்கொள்ளும்.

இன்னொரு சோதனை நம் தொழிலிலிருந்து வந்தது. நல்ல உச்சரிப்புடைய ஒருவர் லகர, ளகர, ழகரச் சொற்களைக் கலந்து வாசிக்கச் செய்து பதிந்துகொள்ள வேண்டும். வாக்கியமாக இருத்தல் கூடாது. வாக்கியத்தில் பொருளை வைத்து மனம் ஊகித்துவிடும். வலி, வளி, வழி. அலை, அளை, அழை என்று தனிச்சொற்களாக, முன்பின் மாற்றி. இவ்வெழுத்துகளின் வேறுபாடு பெரிதும் 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் உறைகிறது. அங்கே பள்ளம் உள்ள ஹெட்ஃபோனில் ழகரம் ளகரமாகக் கரைவதைக் கேட்கலாம். பல மர ஹெட்ஃபோன்களில் ‘கனிவு’ என்று பாராட்டப்படுவது இந்தப் பள்ளமே என்று நாம் ஐயுறுகிறோம். ழகரத்தை விலையாகக் கொடுத்து வாங்கும் கனிவு நமக்கு எதற்கு?

இனித் திருத்தங்கள். முதலாவதும் பெரியதும் காதுமெத்தை. இதைக் கிண்ணத்துக்கு முன்னே சொல்கிறோமே என்று வியக்க வேண்டாம். சவ்வுக்கும் செவிக்கும் இடையிலான தொலைவு, இடையில் அடைபட்ட காற்றின் அளவு, கன்னத்தோடு மெத்தை பொருந்தும் இறுக்கம் ஆகிய மூன்றையும் தீர்மானிப்பது அதுவே. மெத்தைக்கும் தோலுக்கும் இடையே சிறு கசிவு இருந்தாலும் கீழ்ஒலி முதலில் ஓடிவிடும். மூக்குக்கண்ணாடி அணிபவர்களுக்கு இது நாள்தோறும் நேர்வது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு முறை கேட்டுப் பாருங்கள், எத்தனையோ ஆயிரம் ரூபாய்த் திருத்தம் இலவசமாகக் கிடைக்கும். செயற்கைத் தோல் மெத்தை காற்றைப் பிடித்து வைக்கும், கீழ்ஒலி மிகும். வெல்வெட் போன்ற துணிமெத்தை காற்றைக் கசியவிடும், கீழ்ஒலி குறையும். சென்னை வெயிலில் முன்னது ஈரமாகிக் கழுத்தில் வழியும் என்பதும் கணக்கில் சேரவேண்டியதே. நாம் வாங்கிய ஹெட்ஃபோனில் உள்விட்டம் சற்றே அகன்ற, சில மில்லிமீட்டர் ஆழம் கூடிய மெத்தையை மாட்டியபோது குரல் காதுமடலை விட்டு விலகி நின்றது. வேறெந்தத் திருத்தமும் அந்த அளவு மாற்றம் தரவில்லை.

இரண்டாவது, கிண்ணத்தின் உள்ளே கம்பளி. தையற்காரரிடமோ கைவினைப் பொருள் கடையிலோ கிடைக்கும் 3 மில்லிமீட்டர் கம்பளி ஃபெல்ட் துணி போதும். பின்சுவருக்கு ஒரு வட்டம், பக்கச்சுவருக்கு ஒரு பட்டை. டிரைவரின் பின்புறத் துளைகளை மட்டும் மூடிவிடக் கூடாது. மேலே கணக்கிட்ட 2,900, 5,700 ஹெர்ட்ஸ் எதிரொலிகளை இது தணிக்கும். இரண்டாவது கடம் பெரும்பாலும் மறைந்தது. இதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கலாகாது. 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3.4 மீட்டர், அதன் முன்னே 3 மில்லிமீட்டர் கம்பளி ஒரு கொசுவலை. கீழ்ஒலி வீங்குகிறது என்று கிண்ணம் நிறையப் பஞ்சைத் திணிப்பவர்கள் வீக்கம் அப்படியே இருக்க, குரலின் உயிரை மட்டும் அணைத்துவிடுகிறார்கள்.

கீழ்ஒலிக்கு வேறு வழி இருக்கிறது. பெரும்பாலான மூடிய ஹெட்ஃபோன்களில் டிரைவரைத் தாங்கும் தட்டிலோ கிண்ணத்திலோ சிறு துளைகள் இருக்கும். காற்று எவ்வளவு எளிதாகச் சென்று வருகிறது என்பதைக் கொண்டு கீழ்ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் வடிவமைப்பாளர் வைத்த கதவுகள் அவை. மருந்துக் கடையில் புண்ணுக்குக் கட்டு ஒட்ட விற்கும் மைக்ரோபோர் டேப் இங்கே அருமையான கருவி. அது காற்றை முற்றும் தடுக்காது, தயங்கச் செய்யும். ஒரு துண்டு ஒட்டிக் கேட்பது, பிறகு இரண்டு, பிறகு பாதி மூடியது என்று ஒரு மாலை முழுவதும் இதில் போய்விடும். தேர்வுத்தாள் திருத்த வேண்டிய மாலைகளில் இதைத் தொடங்காமலிருப்பது நலம்.

செய்யக் கூடாதவை பற்றியும் சொல்ல வேண்டும். துளையிடாதீர்கள், இட்ட துளையைத் திரும்பப் பெற முடியாது. கிண்ணத்தின் வெளியே எண்ணெயோ தேன்மெழுகோ பூசுவது மரத்துக்கு நல்லது, ஒலிக்கு ஒன்றும் ஆகாது. பூசியபின் ‘திரை விலகியது’ என்பவர்களோடு வாதிட வேண்டியதில்லை. கம்பியை அறுத்து மீண்டும் பற்றவைக்க நேர்ந்தால் இரு பக்கமும் நேர், எதிர் முனைகள் மாறாதிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாறிவிட்டால் பாடகர் நடுவில் நிற்கமாட்டார், கீழ்ஒலி காணாமற்போகும். அதை ‘அகன்ற மேடை’ என்று பாராட்டி எழுதியவர்களும் உண்டு. நூறு மணி நேரம் ஓடவிட்டால் ஒலி பழுக்கும் என்னும் வாழைக்காய்க் கொள்கையில் நமக்கு நம்பிக்கை இல்லை. அத்தனை மணி நேரத்தில் மெத்தை அமுங்குவதும், அதைவிட முக்கியமாக நம் செவி பழகிக்கொள்வதும் உண்மை.

இரண்டு வாங்கியதன் காரணம் இதுதான். ஒன்றைத் திருத்தினோம், மற்றொன்றை அப்படியே வைத்தோம். நினைவு ஒலிக்கு நம்பத்தகாத சாட்சி. காலையில் கேட்டதையும் மாலையில் கேட்டதையும் ஒப்பிட அதனால் இயலாது. நண்பர் ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு அமர, மற்றவர் நாணயத்தைச் சுண்டி, விழுந்த பக்கத்துக்கேற்ப ஒன்றை அவர் தலையில் மாட்டுவார். கையால் தொடக்கூடாது. ஒலி அளவு இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு டெசிபல் கூடுதலாக இருந்தாலே அதுவே ‘தெளிவு’ என்று நம் செவி தீர்ப்பளித்துவிடும். பத்து முறை கேட்டு எது எது என்று சொல்ல வேண்டும். ஏழு சரியாகச் சொன்னால் வெற்றி என்று மகிழ வேண்டாம். வெறும் ஊகத்தாலேயே ஆறில் ஒருவருக்கு ஏழோ அதற்கு மேலோ கிட்டும். ஒன்பது என்றால் அது ஊகமாக இருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றளவே. இந்த முறையில் மெத்தை மாற்றத்தை எவரும் தவறவிடவில்லை. கம்பளியை, கடமும் ஆண்குரலும் வந்தபோது கண்டுகொண்டார்கள், வயலினில் தடுமாறினார்கள். மரத்தொப்பியைக் கழற்றிவிட்டு, அதன் எடைக்கு எடை களிமண் ஒட்டிச் சோதித்தபோது எவராலும் சொல்ல முடியவில்லை. நாற்பதைக் கடந்த மூவரின் செவிகள் என்பதையும் சேர்த்தே இதை எடைபோட வேண்டும். 15,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எங்களுக்கு உலகமே அமைதி. ஆகவே ஒரு முறை இருபது வயது மாணவர் ஒருவரையும் அமர்த்தினோம். அவருக்கும் மரம் கேட்கவில்லை.

திருத்தங்களுக்குப் பின்னும் மிஞ்சுகிற குறையைக் கணினியில் சமன்செய்துகொள்ளலாம். விண்டோஸ் கணினிக்கு ஈக்வலைசர் ஏபிஓ என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. மேடுகளைத் தாழ்த்துவதே நல்லது. பள்ளத்தை ஏற்றினால் மொத்த அளவை அதே அளவு முன்கூட்டிக் குறைத்துவிட வேண்டும், இல்லையேல் உச்சங்கள் சிதையும். இது தூய்மைக்கு மாறானது என்று முகம் சுளிப்பவர்கள், கிண்ணத்துக்குள் கம்பளி ஒட்டுவதும் இதே வேலையை வேறு கருவியால் செய்வதே என்பதை எண்ணிப் பார்க்கட்டும். ஷான் ஆலிவும் அவர் குழுவினரும் 2013 முதல் வெளியிட்டுவரும் ஆய்வுகளின்படி, பெரும்பாலோர் விரும்புவது நல்ல அறையில் நல்ல ஒலிபெருக்கியைக் கேட்பது போன்ற சமநிலையையே. அதை நோக்கி நகர்த்துவதற்கு எந்தக் கருவியும் தீட்டானதன்று.

அந்த மாணவரிடம் நாம் சொன்னது இவ்வளவே: கடையில் மெத்தையைக் கழற்றிப் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். கழற்ற முடியாதபடி ஒட்டியிருந்தால் வேண்டாம். ஓராண்டில் அது உரிந்தபின் மாற்றுமெத்தை கிடைக்காது. திருகாணி தெரிகிறதா என்று பாருங்கள். கம்பி தனியே கழன்று வருவதாக இருக்கட்டும். வலி, வளி, வழியை உங்கள் கைபேசியிலேயே பதிந்து கொண்டுபோய்க் கேளுங்கள். 9,000இல் 7,000க்கு ஹெட்ஃபோனைப் பாருங்கள். மீதியை மெத்தைக்கும் கம்பளிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மரமாக அமைந்தால் மகிழ்ச்சி. ஐப்பசி ஈரத்திலும் சித்திரை வெயிலிலும் அது விரிந்து சுருங்கும், சன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள்.

கழற்றிய பழைய மெத்தைகளையும் திருகாணிகளையும் எறிந்துவிடாமல் ஓர் உறையிலிட்டு, எந்தப் பக்கத்தது, என்றைக்குக் கழற்றியது என்று மேலே எழுதி வைக்கச் சொன்னோம். எங்கள் உறைகள் மூன்று, தொல்காப்பிய உரைகளுக்குப் பக்கத்து அடுக்கில் இருக்கின்றன.